நுழைவுகள்: ஒன்று

லாபிஸ் பெரிய சாலையில்
உரக்கடைக்கும் அடகுக்கடைக்கும் நடுவே
என் கடை.
ஒரு மேசை, ஒரு காற்றாடி,
செம்பனைக் குலை லாரி போகும்போதெல்லாம்
சுவரில் கொஞ்சம் சாய்ந்துவிடும் உலக வரைபடம்.

சன்னாசி அண்ணன் கடப்பிதழ் இரண்டையும்
ரப்பர் வளையம் போட்டுக் கொண்டுவந்தார்.
விசா வந்திருந்தது. அச்சடித்துக் கொடுத்தேன்.
குடையை மடக்கியபடி
வேதநாயகி அக்கா அப்போதுதான் சொன்னார்:
"நடுவுல நாலு நாள் கதிர்காமம் போறோம் லீலா.
நாமக்கல்லு தங்கச்சியயும் கூட்டிக்கிட்டு."

நடுவில்.

தாளில் இரண்டு எண்கள் உண்டு.
எல்லாரும் முதல் எண்ணைத்தான் படிப்பார்கள்,
எத்தனை நாள் என்று.
அதன் கீழே, காகிதம் மடிகிற இடத்தில்,
எத்தனை முறை உள்ளே வரலாம் என்று இருக்கும்.
இதில் அது ஒன்று.
மலிவான வகை. நான்தான் தேர்ந்தேன்.
நூறு வெள்ளி மிச்சம் என்று
பெருமையாக வேறு சொல்லியிருந்தேன்.

"முப்பது நாள் குடுத்திருக்கான்ல?"
ஆமாண்ணே.
"பத்தாவது நாள் வெளிய போறோம்.
பதினாலாவது நாள் திரும்புறோம்.
மிச்ச நாளு எங்க போகும்?"

நாற்பது வருடம் நிறுவைக் கொட்டகையில்
குலை எடை எழுதியவர்.
குறைந்தது எதுவானாலும்
எங்கோ விழுந்து கிடக்க வேண்டும் அவருக்கு.

சினிமாக் கொட்டகையை உதாரணம் சொன்னேன்.
இடைவேளையில் வெளியே போனால்...
"கிழிச்ச சீட்டக் காட்டுனா உள்ள விடுவான்."
விடுவான்தான்.
சரி, இது தீக்குச்சி மாதிரி, அண்ணே.
பாதியில அணைஞ்சாலும் அணைஞ்சதுதான்.
நனைந்த பெட்டியைப் பார்ப்பதுபோல்
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கப்பா அங்க பொறந்தவரு.
அதச் சொன்னா?" என்றார் அக்கா.
அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது, அக்கா,
தகப்பனார் பிறந்த ஊர் என்று.
எழுத்துப் பிழை இல்லாமல் நிரப்பியிருக்கிறேன்.
அதற்காக ஒரு நாளும் கூட்டித் தருவதில்லை.

ஓரத்து நாற்காலியில் ரஃபிக்குல்.
வெள்ளிக்கிழமைதோறும் வருவான்,
டாக்கா டிக்கெட் விலை கேட்பான், வாங்கமாட்டான்.
குலை வெட்டுகிறவன்; கழுத்தில் முள் கீறிய கோடுகள்.
எங்கள் தமிழில் பாதி அவனுக்குப் புரியும்.
"செக்காலி சாஜா," என்றான் மெதுவாக,
ஒரு தடவைதான் என்று,
யாருக்கோ சாட்சி சொல்வதுபோல்.
அவன் பெர்மிட் புதுப்பிப்பில் கிடக்கிறது.
போவதற்குத் தடையில்லை.
நான்கு வயது மகள்
கைப்பேசியின் கண்ணாடியை முத்தமிட்டு
ஈரமாக்கி வைத்திருக்கிறாள் அந்தப் பக்கம்.

அக்கா வரைபடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார்.
இலங்கைமேல் ஒரு விரல் வைத்தார்.
"இங்க மொதல்ல போனா?"
போகலாம்.
"தங்கச்சி அந்தப் பக்கமிருந்து நேரா கொழும்புக்கு வரட்டும்.
சாமி கும்பிட்டுட்டு மூணு பேரும் ஒண்ணா உள்ள போவோம்.
ஒரு தடவ. போதும்ல?"
போதும் அக்கா.
"வரிசையில அவகூடவே நிக்கலாம்ல?"
அவங்க வரிசை வேற, அக்கா.

பேசாமல் குடையின் பித்தானைப் போட்டார்.

பயணத்தேதி மாற்ற எண்பது வெள்ளி.
என் கையிலிருந்து போட்டேன்; சொல்லவில்லை.
சன்னாசி அண்ணன் மட்டும் வாசலில் திரும்பி,
"அப்போ நூறுல இருபதுதான் மிச்சம்" என்றார்.
அந்த மனுஷரிடம் எடை மறைக்க முடியாது.

ரஃபிக்குல் முன்னால் வந்து உட்கார்ந்தான்.
கணினியில் டாக்கா என்று தட்டினேன்.
கை பழக்கம், வாய் பழக்கம்,
அவன் முகத்தைப் பார்க்காமலே கேட்டுவிட்டேன்:

ஒரு வழியா, இரு வழியா?